நெடி போன வழி

எனக்குக் கோபம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை நெடுக நான் யாரையாவது ஏசிக்கொண்டுதான் இருப்பேன். அத்தனைக்கும் இது சந்தோஷமான கதை.

சின்னாளப்பட்டியில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் 'ஜோதி மெஸ்' என்று ஒரு பச்சைப் பலகை தெரியும். அந்த ஜோதி நான்தான், முழுப்பெயர் ஜோதிமணி. மத்தியானச் சாப்பாடு, மீன் குழம்பு, கறிச் சுக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீரகச் சம்பா பிரியாணி. பரிமாற ஆள் உண்டு, சமையல் முழுக்க என் கை. என் கணவர் வேலுமணி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். காய்கறியைக் கொண்டுவந்து இறக்குவதோடு அவர் பங்கு முடிந்தது. அடுப்படிக்குள் வந்தால் உப்புப் பார்க்கிறேன் என்று கரண்டியைத் தொடுவார், எங்களுக்குள் ஆகாது.

மெஸ்ஸுக்கு முன்னால் நான் செய்தது சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலை. எங்கள் ஊரில் நிறையப் பெண்களுக்கு அதுதான் கைத்தொழில். துணியை நுனிவிரலால் கிள்ள வேண்டும், நூலால் சுற்றி இறுக்க வேண்டும், உடனே அடுத்ததைக் கிள்ள வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கி அவிழ்த்தால் புள்ளி புள்ளியாக அழகாகத்தான் இருக்கும். எனக்கோ பொறுமை முதல் வரிசையோடு தீர்ந்துவிடும். என் சேலையில் மட்டும் புள்ளிகள் சந்தைக்கு வந்த கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கரண்டியைப் பிடித்த பிறகுதான் நான் மனுஷியானேன். ஆகவே இந்த அடுப்பு போனால் உனக்கு என்ன மிச்சம் என்று யாராவது கேட்டால், முடிச்சுதான் மிச்சம். நினைத்தாலே விரல் வலிக்கும்.

அந்த அடுப்புக்குத்தான் ஆபத்து வந்தது.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் நல்லுசாமி அண்ணன். கீழே மெஸ். மாடியில் அவரும் அவர் மனைவி முத்துப்பேச்சி அக்காவும், அவர்களுடைய இரண்டு தறியும். கீழே நான் தாளித்தால் புகை ஜன்னல் வழியாக வெளியே போகும். போனது போகட்டும் என்று விட முடியாது. அது நேராக மாடி ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து தறியில் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு நூலில் படிந்து, சேலையில் ஏறி, கடைசியில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் கட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் அதில் ஒரு சேலையை உருவிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"மோந்து பாரு தாயி."

மோந்தேன்.

"என்ன வாசம்?"

"அயிரை மீன் கொழம்புண்ணே" என்றேன். என் குழம்பு எனக்குத் தெரியாதா?

"சேலையில மீனு வாசம் வந்தா எவ வாங்குவா?"

"நான்லாம் ரெண்டா வாங்குவேன்."

அவர் சிரிக்கவில்லை. நல்லுசாமி அண்ணன் சத்தம் போடுகிற ஆளில்லை, அதுதான் எனக்குப் பயம். அவர் சத்தம் போட்டால் நானும் போட்டு ஒரு வழி பண்ணியிருக்கலாம். "ஆடி முடியட்டும். ஆவணி பொறந்தா ஒண்ணு பொகை போகணும், இல்ல நீ போகணும். ஒம்மேல எனக்கு வருத்தம் இல்ல. நூலுதான் எனக்குச் சோறு" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார். நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அந்த வாரம் முழுவதும் குழம்பில் காரம் தூக்கலாக இருந்ததாகச் சாப்பிட வந்தவர்கள் சொன்னார்கள்.

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைகளுக்குப் புகைக்குழாய் மாட்டுகிற அந்தோணிமுத்துவை வேலுமணிதான் பிடித்து அனுப்பினார். முப்பது வயது இருக்கும், சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். வந்ததும் என்னிடம் பேசவில்லை. அடுப்புக்கு மேலே சுவரை ஒரு விரலால் தேய்த்தான். விரல் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, இது சுவரு இல்ல. நிக்க வச்ச வடச்சட்டி."

"வாய் பேசத்தான் வந்தியா, வேலை பாக்க வந்தியா?"

"ரெண்டும்தான்க்கா."

இவனோடு எனக்கு ஒத்துப்போகும் என்று அப்போதே தெரிந்தது.

வேலை என்னவென்று அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். அடுப்பு வரிசைக்கு மேலே கூடாரம் மாதிரி ஒரு எவர்சில்வர் ஹூட். அதற்குள் எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற மடிப்புத் தகடுகள். ஹூட்டின் தலையிலிருந்து கெட்டித் தகட்டுக் குழாய் கிளம்பி, பின்சுவரைத் துளைத்து வெளியே போய், சுவரோடு சுவராக ஏறி, மொட்டை மாடிக்கும் மேலே போய் வாயைத் திறக்கும். மொட்டை மாடியில் ஒரு பெரிய ஃபேன் உட்கார்ந்து, கீழே இருக்கிற புகையை உறிஞ்சி மேலே துப்பும். அவ்வளவுதான். கேட்கும்போது அவ்வளவுதான்.

மாட்டுவதற்கு முன்னால் குழாயைப் பின்கட்டில் படுக்கப் போட்டு அவன் ஒரு வேலை செய்தான். உள்ளே எரிகிற பல்பை விட்டான், இரண்டு பக்கமும் வாயைச் சாக்கால் அடைத்தான், முத்துப்பேச்சி அக்காவிடம் கெட்டிப் போர்வை ஒன்று வாங்கிக் குழாய்மேல் போர்த்தி, தானும் அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டான். குழாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தவழ்ந்தான். பிறகு "அக்கா, வாங்க வாங்க!" என்று கத்தினான். புதையலைக் கண்டவன் மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். நானும் போர்வைக்குள் தலையை விட்டேன். கும்மிருட்டு. பற்றவைத்த கோட்டில் ஓரிடத்தில் மட்டும் குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

"ஓட்டையாடா?"

"ஓட்டைதான். வெளிச்சம் வர்ற வழியில எண்ணெயும் வரும். வந்து சுவத்துல வழியும். இப்பப் பாத்தாச்சுல்ல, அடச்சிருவோம்" என்று வெல்டிங் மிஷினை எடுத்தான்.

ஓட்டையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிற ஆளை நான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஹூட்டைத் தூக்குகிற அன்று தெருவே உள்ளே வந்துவிட்டது. தூக்கியது நாலு பேர். யோசனை சொன்னது மீதிப் பேர். "எடது பக்கம்! எடது பக்கம்!" என்று நான் கத்தினேன். "யாருக்கு எடதுக்கா?" என்று அந்தோணி கேட்டான். சுவரைத் துளைக்கும்போது மாடியில் நல்லுசாமி அண்ணன் தறிகளை வேட்டியால் மூடிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு, பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு தூசிகூட உள்ளே வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் டீ குடித்தார்.

குறுக்கே போகிற குழாயை மாட்டியதும் எனக்குக் கண்ணை உறுத்தியது.

"தம்பி, கோணலா இருக்கு."

"கோணலாத்தான்க்கா இருக்கணும்."

"கோணலா மாட்டவா ஒன்னய திண்டுக்கல்லுல இருந்து கூப்புட்டேன்? அத எங்க ஊர்க்காரனே செய்வானே!"

"நேரா இருந்தா எண்ணெ நடுவுலயே தேங்கி நிக்கும்க்கா. ஒரு நாள் தீப்பொறி பறந்தா மெஸ்ஸும் இருக்காது, மாடியும் இருக்காது. சரிவா இருந்தா வழிஞ்சு திரும்பி வந்து ஹூட்டுல இருக்குற இந்தக் கிண்ணத்துல விழுந்துரும். தெனமும் எடுத்துக் கொட்டுனாப் போதும்."

சொன்னால் புரியாத ஆள் நானில்லை. சொன்ன உடனே ஒத்துக்கொள்கிற ஆளும் இல்லை. "சரி சரி, ரொம்பப் பேசாத" என்று சொல்லிவிட்டு அவனுக்கு ஒரு ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன்.

வெளிச்சுவரில் குழாய் ஏறி நின்றதும் வேறொரு தொல்லை ஆரம்பமானது. வெயில் பட்டால் பளபளவென்று மின்னும். போகிற வருகிற ஆள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி, "என்ன ஜோதி, ராக்கெட் விடப்போறியா?" என்றார். இன்னொருத்தி பெருமூச்சு விட்டு, "ம், ஒரு மெஸ்ஸுக்கு வந்த வாழ்வப் பாரேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பெருமூச்சு முத்துப்பேச்சி அக்கா காதில் விழுந்துவிட்டது.

அக்கா தறிக்கு நூல் சுற்றுகிறவள். புருஷன் எனக்குக் கெடு வைத்ததில் அவளுக்கு வருத்தம்தான், ஆனால் நூல் விஷயத்தில் அவர் பேச்சை அவள் தாண்டமாட்டாள். கண் விஷயத்தில் அவள் பேச்சை அவர் தாண்டமாட்டார். அன்று சாயங்காலமே கறுப்புக் கயிற்றில் படிகாரக் கட்டியைக் கோத்துக் குழாயில் கட்டிவிட்டாள்.

"அம்மா, ஃபேன் போட்டா இது ஆடுமே" என்றான் அந்தோணி.

"ஆடட்டும். நீ கொழாயப் பாரு, நான் கண்ணப் பாக்குறேன். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது."

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை மெஸ்ஸுக்கு விடுமுறை விட்டுச் சோதனை வைத்தோம். அந்தோணி முதலில் ஒரு கிண்ணத்தில் சாம்பிராணி போட்டு ஹூட்டின் ஓரமெல்லாம் காட்டிக்கொண்டே போனான். கிண்ணத்திலிருந்து நேராக எழும்பின புகை, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடுகிற மாதிரி, திரும்பி ஹூட்டுக்குள் ஓடியது. நான் கைதட்டினேன். நல்லுசாமி அண்ணன் தட்டவில்லை.

"சாம்பிராணி சாமிக்குப் போடுறது. அது நல்ல பொகை, சொன்னபடி கேக்கும். நீ வர மொளகாய வறுத்துக் காட்டு. நான் மாடியில ஜன்னலத் தொறந்து வச்சிட்டுத் தறியில உக்காந்திருக்கேன். மேல ஒரு தும்மல் கேட்டுச்சுன்னா நீ சட்டிபானையக் கட்டிறணும். சரியா தாயி?"

"சரிண்ணே" என்றேன். குரல் தெம்பாகத்தான் வந்தது. மிளகாயை மட்டும் எண்ணி எண்ணித்தான் எடுத்தேன்.

அண்ணன் மாடிக்குப் போனார். மழைத் தண்ணீர் விழாமல் குழாய் உச்சியில் ஒரு மூடி மாட்டுவது மட்டும்தான் பாக்கி. அதற்குப் போல்ட் பத்தவில்லை என்று, மொட்டை மாடியில் ஏணியைச் சார்த்தியபடியே விட்டுவிட்டு அந்தோணி கடைக்குப் போனான். போகும்போது ஃபேனைப் போட்டுவிட்டு, "நீங்க ஆரம்பிங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்றான்.

நான் வாணலியை எடுத்தேன். முத்துப்பேச்சி அக்கா வந்து கையைப் பிடித்தாள்.

"பொறுடி. சுத்திப் போடாம எதுவும் ஆரம்பிக்கக் கூடாது."

எல்லாவற்றையும் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். இரும்புச் சட்டியில் கொட்டாங்குச்சி கங்கு. கைக்குள் வர மிளகாய், கல்லுப்பு, கடுகு, நாலு பேர் நடந்த தெருமண். என்னை நிற்கவைத்துச் சுற்றினாள். அடுப்பைச் சுற்றினாள். ஹூட்டுக்குக் கை எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறிச் சுற்றினாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, போனகண்ணு, வந்தகண்ணு என்று ஒன்றையும் விடாமல் சொல்லி, தூ தூ என்று துப்பி, ஹூட்டுக்கு அடியில் அடுப்பு மேடையில் இருந்த கங்கில் எல்லாவற்றையும் போட்டாள்.

உப்பு வெடித்தது. மிளகாய் கறுத்துச் சுருண்டது. நாங்கள் இரண்டு பேரும் முந்தானையை மூக்குக்குப் பக்கத்தில் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு இது. சுற்றிப் போட்ட மிளகாய் கருகி, நெடி ஏறி, வீடே இருமினால் கண் இல்லை, கவலை இல்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. எவ்வளவுக்கு நெடி குறைவோ அவ்வளவுக்குக் கண் அதிகம்.

"வருதாடி?"

"வரலக்கா."

"நல்லா இழுத்துப் பாரு."

"இழுத்துட்டேன். மல்லிப்பூ வாசம்தான் வருது, ஒங்க தலையில இருந்து."

அக்காவின் முகம் வெளுத்தது. நானும் பயந்துவிட்டேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தலைக்கு மேலே ஃபேன் இரைகிறது. இந்தப் புகை என் மூக்குக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை நாள் இடித்து, துளைத்து, பற்றவைத்து, கத்தினோம். அந்த நிமிஷம் ஒன்றும் புத்தியில் இல்லை. மிளகாய் கருகுகிறது, நெடி இல்லை. பிறந்ததிலிருந்து அதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

இன்னொரு பிடி போட்டோம். இல்லை. மறுபடியும் போட்டோம். இல்லவே இல்லை.

"ஆத்தாடி, இம்புட்டுக் கண்ணா!" என்று அக்கா தலையில் கைவைத்தாள். "அந்த ராக்கெட்டுன்னு சொன்னவரா இருக்குமோ?"

"அவரு நல்ல மனுசன்க்கா. பெருமூச்சு விட்டாளே, அவதான்."

"ஒன் நாத்தனா பாத்தாளா?"

"அவ கோயமுத்தூர்ல இருக்கா. போட்டோதான் பாத்தா."

"போட்டோவா! எப்படி?"

"வாட்சப்புல ஸ்டேட்டஸ் வச்சேன்."

"அடிப் பாவி, ஊரு கண்ணு பத்தாதுன்னு ஒலகத்துக் கண்ணையும் கூப்புட்டு விட்டியா!"

அந்த நேரத்தில் அந்தோணி போல்ட் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். கங்கைப் பார்த்தான், எங்கள் முகத்தைப் பார்த்தான், விஷயத்தைக் கேட்டான், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏம்மா, ஃபேன் ஓடுதே! நெடி எப்படி வரும்? எல்லாத்தையும் கொழா இழுத்துருச்சு. வேலை நல்லா நடந்திருக்கும்மா!"

எனக்குச் சுருக்கென்றது. அட, ஆமாம்! உடனே சிரிப்பும் வந்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

"நெடிய இழுக்கும், சரி. கண்ண இழுக்குமா?"

அந்தோணி கையிலிருந்த போல்ட் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் படித்த தொழிலில் அந்தப் பாடம் இல்லை.

"ஃபேன நிப்பாட்டு. நெடி வந்தா எனக்குத் திருப்தி" என்றாள் அக்கா.

"நிப்பாட்டுனா நெடி ஜன்னல் வழியா மாடிக்குப் போயிரும்மா. அய்யா தும்முவாரு. அக்கா கடையக் காலி பண்ணணும்."

"அவரு சொன்னது பொகைக்கு. நான் சொல்றது கண்ணுக்கு. கண்ணு இருக்கா இல்லையான்னு தெரியாம இந்த அடுப்பு எரிய நான் விடமாட்டேன். நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? வீடு எனக்கும்தான்."

என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறாள். அதனால் ஏசவும் முடியவில்லை. ஃபேனை நிறுத்தினால் அண்ணனிடம் தோற்பேன், நிறுத்தாவிட்டால் அக்காவிடம் தோற்பேன். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பு நான்தான். கை சுவிட்சுப் பக்கம் போகும், திரும்பி வரும். யார்மேலாவது கோபப்பட வேண்டுமே; பக்கத்தில் அந்தோணிதான் இருந்தான்.

"ஏன்டா இம்புட்டு நல்லா மாட்டுன? கொஞ்சம் நெடி வர்ற மாதிரி மாட்டித் தொலச்சிருக்கக் கூடாதா?"

"இப்படி ஒரு கம்ப்ளெயின்ட் என் தொழில்ல இப்பத்தான்க்கா கேக்குறேன்."

அவன் சொன்னதும் எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. அலமாரியிலிருந்து வர மிளகாய் டப்பாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கென்று காம்பு கிள்ளி வைத்திருந்த மிளகாய், டப்பா நிறைய. "எந்தக் கண்ணா இருந்தாலும் இதோட வெந்து சாகட்டும்!" என்று அப்படியே கங்கில் கவிழ்த்துவிட்டேன்.

சட்டியிலிருந்து கறும்புகை எழும்பியது. எழும்பின வேகத்தில் ஹூட் அதை அப்படியே விழுங்கியது. பார்ப்பதற்கே பயமாக இருந்தது. மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அப்போது மேலே ஒரு தும்மல் கேட்டது.

சாதாரணத் தும்மல் இல்லை. கதவை உதைத்த மாதிரி ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு விடாமல் வரிசையாக. நடுவில் "அய்யோ, அப்பா" என்று நல்லுசாமி அண்ணனின் குரல்.

"நெடி வந்துருச்சு! கண்ணு கழிஞ்சிருச்சுடி!" என்று முத்துப்பேச்சி அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் குதித்தாள்.

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தும்மல் கேட்டால் போதும் என்றிருந்தார். இங்கே ஒரு பேட்டைக்குப் போதுமான தும்மல் கேட்டுவிட்டது. என் கண்முன்னால் வெள்ளைத் துணியும் நூலும்தான் வந்தன. இனிமேல் கிள்ளு, சுற்று, இறுக்கு. இந்த அடுப்பை நான் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் என்பது அந்த நிமிஷம்தான் முழுசாகத் தெரிந்தது.

அண்ணன் படியில் தடுமாறிக்கொண்டே இறங்கி வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். பேச வாயைத் திறந்தால் தும்மல்தான் வந்தது. அக்கா ஓடிப்போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். படபடவென்று எல்லா விரலும் முறிந்தது.

"இம்புட்டு நாளா இவரு மேலதான்டி இருந்திருக்கு கண்ணு!"

அவர் கையை உதறி மேலே காட்டினார். தும்மினார். மறுபடி மேலே காட்டினார்.

"நான் காலி பண்ணிக்கிறேண்ணே" என்றேன். 

அந்தோணி மட்டும் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அய்யா, மொட்டை மாடிக்கா போனீங்க? ஏணியில ஏறுனீங்களா?"

அண்ணன் தலையாட்டினார்.

"ஏறி, கொழா வாயில மூஞ்சிய வச்சீங்களா?"

மறுபடியும் தலையாட்டினார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, முகத்தைக் கழுவிய பிறகுதான் பேச்சு வந்தது.

"தறியில உக்காந்திருந்தேன். நெடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ இன்னும் மொளகாயவே போடல, என்னய ஏமாத்துறாங்கன்னு நெனச்சேன். சரி, கொழாயில காத்தாவது வருதான்னு பாப்பமேன்னு மேல போயி எட்டிப் பாத்தேன்." இன்னொரு தும்மல். "நல்லா வருது."

அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

"தறிகிட்ட? தறிகிட்ட வந்துச்சா, வரலையா? அதச் சொல்லுங்கண்ணே மொதல்ல!"

அவர் கையைக் காட்டி, இரு என்றார். மாடிக்குப் போய் ஒரு சிட்டம் வெள்ளை நூலோடு வந்தார். என் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற ஜன்னல் கம்பியில் அதைக் காலையிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தாராம், எங்களுக்குச் சொல்லாமல். அதை மூக்கில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"என் மூக்கு செத்துப்போச்சு. ஒண்ணும் தெரியல. நீயே மோந்து சொல்லு தாயி."

"நானா?"

"நீதான். நீ என்ன சொல்றியோ அதுதான்."

என் அடுப்பு இருக்குமா போகுமா என்பதை என் மூக்கிடமே விட்டுவிட்டார் மனுஷன்.  சிட்டத்தை வாங்கி முகத்தோடு சேர்த்து மூச்சை இழுத்தேன். விரித்துப் பார்த்து உள்பக்கமும் மோந்தேன். மிளகாய் இல்லை, மீன் இல்லை, எண்ணெய் இல்லை. மறுபடியும் மோந்தேன், தவறிப்போய்விடக் கூடாதே என்று.

"நூலுக்குப் போட்ட கஞ்சி வாசம்ணே" என்றேன். "வெறும் கஞ்சி வாசம்தான்."

"அப்புறம் என்ன? அடுப்ப நல்லா எரியவிடு. ஆவணி, ஐப்பசி, எம்புட்டு மாசம் இருக்கோ அம்புட்டும் எரியட்டும்" என்றார் அண்ணன்.

நான் அழுதுவிட்டேன். எத்தனையோ தடவை அடுப்படியில் கண்ணைத் துடைத்திருக்கிறேன், புகை என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்றைக்குப் பழி போடக்கூட ஒரு துளி புகை இல்லை. "சந்தோசமா இருக்குக்கா" என்று அக்காவிடம் வெளிப்படையாகவே சொல்லி அழுதேன். அக்காவும் அழுதாள். அந்தோணி மூடியை மாட்டப் போகிறேன் என்று மாடிக்கு ஓடிவிட்டான். அன்று அவனுக்குக் கறிச் சுக்காவோடு சோறு போட்டு, வயிறு வெடிக்கிற வரைக்கும் விடவில்லை.

ஆவணி பிறந்தது. மெஸ் வழக்கம்போல் நடந்தது. ஒரு நாள் காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, முத்துப்பேச்சி அக்கா பெரிய முறத்தில் மிளகாயும் மல்லியும் சீரகமும் எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக நுழைந்தாள்.

"செத்த நேரம் அப்படித் தள்ளிக்கடி."

"என்னக்கா இது?"

"வீட்டுக்கு மசாப்பொடி வறுக்கணும். மேல வறுத்தா பொகை தறிக்குப் போவுதாம், ஒங்க அண்ணன் ஏசுறாரு. 'ஏன் இங்க வறுத்து நூலக் கெடுக்குற, கீழ ஜோதி அடுப்புக்குப் போ'ங்கிறாரு."

"கடை அடுப்பு அக்கா இது! சோறு வடிக்க நேரமாச்சு!" என்று கத்தினேன்.

கத்திக்கொண்டே தள்ளி நின்று இடம் விட்டேன். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஃபேனைத் தானே போட்டு, வாணலியில் மிளகாயைக் கொட்டினாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரு இருமல்கூட இல்லாமல் ஊர்க்கதை பேசினோம். முன்பெல்லாம் மிளகாய் வறுத்தால் நெடிக்குப் பயந்து அவள் சீக்கிரம் போய்விடுவாள். இப்போது போகவே மாட்டேன் என்கிறாள்.